யானைக்காலும் ஒரு பேசின் தண்ணீரும்



இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி என்றதும் மின்சாரப் பெட்டியும், கழுத்தை இழுக்கும் எடைக்கல்லும், பக்கவாதம் வந்தவரை நடக்கப் பழக்கும் இரட்டைக் கம்பிகளும்தான் பலருக்கு நினைவில் வரும். நோய் வந்து போனபின் செய்கிற சிகிச்சை என்றே அதை எண்ணிவிட்டோம். நோய் முற்றாமல் தடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதைக் கற்றுக்கொள்ள, கடலூர்ப் பக்கத்து மக்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கும் யானைக்கால் நோயைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

கெடிலம் ஆற்றுக்கு வடக்கே மஞ்சக்குப்பம், தெற்கே திருப்பாதிரிப்புலியூர், அதற்கும் தெற்கே பழைய துறைமுகப் பட்டணம். கடலை ஒட்டிய தாழ்வான பூமி இது. சாக்கடைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் அதில் கியூலெக்ஸ் கொசு பெருகும். யானைக்கால் புழுவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுபோவது இந்தக் கொசுவே. 1872ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் இப்புழுவின் நுண்ணிய குஞ்சுகளைக் கண்டார். 1877ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். நம் தேசத்தில் 1955ல் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரிலுள்ள புதுச்சேரியில் 1975 முதல் கொசு முதலியவற்றை ஆராய ஒரு மத்திய நிலையம் இயங்கி வருகிறது. 2004 முதல், நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை தேசம் முழுவதும் வந்தது.

மாத்திரையால் புதிதாகத் தொற்றுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முன்னமே பருத்துவிட்ட கால் மாத்திரையால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்தக் காலோடு இன்னும் பல்லாண்டுகள் வாழ வேண்டியவர்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் இயன்முறை மருத்துவரின் வேலை ஆரம்பிக்கிறது.

முதலில் கால் ஏன் பெருக்கிறது என்று பார்ப்போம். இரத்தக் குழாய்களைப் போலவே நம் உடலெங்கும் நிணநீர்க் குழாய்கள் உண்டு. திசுக்களில் தேங்கும் நீரைத் திரும்ப எடுத்துச் செல்வதும், கிருமிகளை எதிர்ப்பதும் அவற்றின் வேலை. வளர்ந்த புழு இக்குழாய்களில் குடியிருந்து அவற்றை விரித்துக் கெடுத்துவிடுகிறது. நீர் கீழே தேங்குகிறது. ஆரம்பத்தில் இரவு படுத்தெழுந்தால் வீக்கம் வற்றிவிடும். ஆகையால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தக் காலை யானைக்கால் ஆக்குவது பெரும்பாலும் புழு அல்ல, விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாக உள்ளே நுழையும் சாதாரணக் கிருமிகள். திடீரென்று குளிர் காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து சுடுதல் என நான்கைந்து நாட்கள் படுக்கையில் தள்ளும். ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் கால் சற்றே பருத்து, தோல் சற்றே தடித்துவிடுகிறது. கூலி வேலை செய்பவருக்கு அந்த நான்கைந்து நாள் சம்பளமும் போய்விடும்.

பிரேசில் தேசத்தின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா ட்ரேயரும் அவருடைய குழுவினரும் 1990களில் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு காலைத் தினமும் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கு இக்காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் இன்று இதையே அடிப்படைச் சிகிச்சையாகச் சொல்லுகிறது.

பாதங்களைக் கழுவுதல் என்றவுடன் இந்த இதழின் வாசகர்களுக்கு வேறொரு காட்சி மனதில் எழும். எழட்டும், தவறில்லை. ஆனால் இங்கே நோயாளியின் காலை நாம் கழுவிவிடுவது முதல் நாள் மட்டுமே. மறுநாள் முதல் அவரே செய்ய வேண்டும், முடியாவிட்டால் வீட்டார் ஒருவர் செய்ய வேண்டும்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலிடுக்குகளையும் தோல் மடிப்புகளையும் விரித்து, வெடிப்போ புண்ணோ உண்டா என்று பார்க்க வேண்டும். சாதாரண சோப்பும் சுத்தமான பச்சைத் தண்ணீரும் போதும், வெந்நீர் வேண்டாம். முழங்காலிலிருந்து கீழ்நோக்கிக் கையால் மெதுவாகத் தேய்த்து, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். தேங்காய் நாரும் பிரஷும் தோலைக் கீறிவிடும். பிறகு துடைப்பது. கழுவுவதைவிட முக்கியமானது இதுவே, அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவதும் இதுவே. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, துணியின் முனையை ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து ஈரம் போக்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் மருத்துவர் சொல்லும் களிம்பைத் தடவலாம்.

அடுத்தது உடற்பயிற்சி. நிணநீரை மேலே ஏற்ற இருதயத்தைப் போன்ற தனிப் பம்பு காலில் கிடையாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவது நீர் மேலேற உதவுகிறது. எனவே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடி பாதத்தை வட்டமாகச் சுழற்றுவது, விரல்களை நீட்டி மடக்குவது ஆகியவற்றைத் தினமும் பலமுறை செய்யலாம். அடுப்படியில் நிற்கும்போதுகூடச் செய்யலாம், இதற்கென்று நேரம் ஒதுக்கத் தேவையில்லை. உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் முக்காலியில் வைக்க வேண்டும். இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினால் போதும். இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

காய்ச்சலும் சிவப்பும் வந்திருக்கும் நாட்களில் பயிற்சி கூடாது, கட்டுப் போடுவதும் கூடாது, எண்ணெய் காய்ச்சி உருவுவது அறவே கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, ஓய்வெடுத்து, மருத்துவரிடம் மருந்து வாங்க வேண்டும். எப்போது கை வைக்கக்கூடாது என்று அறிவதும் இயன்முறை மருத்துவரின் படிப்பில் ஒரு பகுதிதான்.

இத்தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகுவலிக்கோ முழங்கால் வலிக்கோ வருகிறவரிடமும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாக இருந்தால், விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா என்று. ஒரே இடத்தில் இரு கால்களையும் அளவு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் வற்றி மாலையில் வீங்கும் அந்தப் பருவத்தில் பிடித்துவிட்டால், கால் பெருத்துப்போகாமல் காக்க வெகுவாய்ப்பு உண்டு. கலியாணம் ஆகாத பெண்பிள்ளைகள் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சொல்லாமல் இருப்பது இந்தப் பருவத்தைத்தான். இந்நோய் தொட்டால் ஒட்டாது, பரம்பரையாகவும் வராது. கால் பருத்தவரின் இரத்தத்தில் பெரும்பாலும் புழுக் குஞ்சுகள் இருப்பதே இல்லை. வீக்கம் எதுவுமில்லாமல் நன்றாக நடமாடும் ஒருவரிடமிருந்தே கொசு அவற்றை எடுத்துச் செல்லக்கூடும். பெண் வீட்டாரை ஒதுக்கிவைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

நம் ஜில்லாவில் மழைக்காலம் தனிக் கவலை. 2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம் என்று நாம் பார்த்திருக்கிறோம். தெருவிலும் வீட்டிலும் சாக்கடை கலந்த தண்ணீர் நிற்கும்போது விரலிடுக்கு காய்வதில்லை. நாற்று நடும் பெண்களுக்கோ சேறு தவிர்க்க முடியாதது. அவர்களிடம் வயலுக்குப் போகாதீர்கள் என்று சொல்வது வீண் பேச்சு. கரையேறியவுடன் கழுவித் துடைக்க ஒரு குடம் நல்ல தண்ணீரும் உலர்ந்த துணியும் வரப்பிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரு பேசின், ஒரு சோப்பு, இரண்டு பருத்தித் துணி, ஒரு களிம்புக் குழாய், அகலமான வார்ச்செருப்பு ஒரு ஜோடி, இவற்றை ஒரு பையில் போட்டு ஐப்பசி பிறக்கும் முன்பே வீட்டில் சேர்த்துவிடுவது நல்லது. வெள்ளம் வந்தபின் அவற்றை எடுத்துக்கொண்டு போக வழி இருப்பதில்லை.