வீட்டில் பெரிய மீன் தொட்டி: முதலில் தாங்கியைச் செய்வோம்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பத்திற்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ஒரு சிறு முற்றமும் கிணற்றுத் தண்ணீருமே. அந்த அளவு இடத்திலும் செய்யக்கூடிய சிறு முயற்சிகளுள் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. கப்பி, மொலி, வாள்வாலி ஆகிய மீன்கள் முட்டையிடாமல் குஞ்சுகளாகவே ஈனுபவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திலுள்ள கிணற்று நீர் கடினமானது; இம்மீன்களுக்கு அது நன்கு ஒத்துவரும்.

ஆனால் இம்முயற்சியில் நமது பணத்தில் பெரும் பங்கு கண்ணாடித் தொட்டிக்கே போய்விடும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மேசை முறிந்தால், போட்ட முதல் முழுவதும் ஒரு நொடியில் போய்விடும். எனவே மீனைப் பற்றி யோசிக்குமுன் தாங்கியைப் பற்றி யோசிப்போம்.

1. பாரத்தைக் கணக்கிடுதல்

4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லீற்றர் நீர் கொள்ளும். ஆகவே நீர் மட்டும் ஏறக்குறைய 250 லீற்றர். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோ. 10 மில்லிமீற்றர் கண்ணாடியின் நிறை சுமார் 50 கிலோ. மணலும் கல்லும் 50 கிலோ என வைத்தால், மொத்தம் 350 கிலோ. அதாவது ஏழு சீமெந்து மூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரவு பகலாக அப்படியே வைத்திருப்பதற்குச் சமம்.

2. தாங்கி செய்தல்

பாரம் மரத்தின் வழியாக நேரே நிலத்திற்கு இறங்க வேண்டும். ஆணியில் தொங்கக் கூடாது. இதுவே முக்கிய விதி.

- வைரம் பாய்ந்த பனை அல்லது வேம்பில் 3 அங்குலச் சதுரக் கால்கள் ஆறு எடுப்போம். நான்கு மூலைகளுக்கு, இரண்டு நடுவுக்கு. உயரம் 2 அடி போதும்.
- காலின் தலையில் பாதியை வெட்டி, அந்த வெட்டின் மேல் சட்டத்தை அமர்த்த வேண்டும். சட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து அறைந்தால் முழுப் பாரமும் ஆணியிலேயே நிற்கும்.
- பின்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சிலாகை அடித்தால் தாங்கி ஆடாது.
- இணைப்புகளுக்கு ஆணிக்குப் பதிலாகப் போல்ட்டும் சுரையும் போடுவோம். மீண்டும் இடம் மாற நேர்ந்தால் கழற்றிக் கட்டி எடுத்துச் செல்லலாம்.
- மேலே முக்கால் அங்குலப் பலகையும், அதன்மேல் அரை அங்குல ரெஜிபோம் தகடும் விரித்தால் சிறு மேடு பள்ளம் கண்ணாடியைத் தாக்காது.

3. இடமும் மட்டமும்

மண் தரையானால் ஒவ்வொரு காலின் கீழும் ஓர் அடிச் சதுர சீமெந்துக் கல்லைப் பதிக்க வேண்டும். இன்றேல் கால்கள் சமமின்றிப் புதையும். கல் வெளியே தெரிவதால் கறையான் ஏறுவதையும் கண்டுகொள்ளலாம். நேர் வெயில் படும் இடத்தில் பாசி பிடிக்கும், அதைத் தவிர்ப்போம்.

மட்டம் பார்க்க ஒளி தெரியும் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளிலும் பிடித்தால் போதும். குறையிருந்தால் காலின் கீழ் தகடு வைத்துச் சரிசெய்வோம். தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் ஒருபோதும் எதையும் செருகக் கூடாது.

4. சோதித்தல்

புதிதாக ஒட்டிய தொட்டியை ஒரு வாரம் காயவிடுவோம். பின்பு தாங்கியில் வைத்துக் கால்வாசி, அரைவாசி, முழுமை என நீர் நிரப்பி, ஒவ்வொரு முறையும் மட்டத்தைப் பார்ப்போம். இரண்டு நாள் மீனின்றி நிற்கட்டும். ஒரு பக்கம் நீர் உயர்ந்து தெரிந்தால், நீரை இறைத்துவிட்டே திருத்த வேண்டும்.

5. மீன் விடுதல்

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணலில் வளரும் நுண்ணுயிர்கள் அதை மாற்றிவிடும். அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஆகையால் முதலில் ஐந்தாறு சிறு மீன்களே போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரம் ஒரு முறை கால்வாசி நீரை மாற்றுவோம். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுவோம். தாய் மீன் குஞ்சைத் தின்னும். குஞ்சு ஒளிந்துகொள்ள நீர்ச் செடிகள் தேவை.

மிஞ்சிய மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது. அங்குள்ள நம் நாட்டு மீன்களுக்கு அவை கேடு செய்யும்.

தொட்டியை நகர்த்தும்போது ஒரு சொட்டு நீருமின்றி வெறுமையாக்கியே தூக்குவோம். மணலை மட்டும் ஈரமாகக் கொண்டுபோனால் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கும். புதிய இடத்தில் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கலந்துரையாடுவோம்

1. நமது வீட்டுத் தரை 350 கிலோவைத் தாங்குமா? எந்த மூலை உறுதியானது?
2. குஞ்சுகளை வாங்குவோர் அருகில் உண்டா? தொட்டி வாங்குமுன் யாரிடம் விசாரிக்கலாம்?
3. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொட்டியுடன் தொடங்க முடியுமா?