குளிர் ஊர்ச் சட்டியில் திற்பரப்புப் புளி

தென்மேற்கும் வடகிழக்கும் முறை வைத்து நனைக்கும் ஊர் திற்பரப்பு. அங்கே கம்பளி தேவைப்படும் குளிர் வருவதில்லை. அந்த மண்ணின் பழமரம் ஒன்றை ஊட்டியிலோ லண்டனிலோ போன்சாயாக வளர்க்க நினைப்பவர், ஒன்றை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். சட்டியில் இலை சிறுக்கும், கிளை சிறுக்கும், பழம் சிறுக்காது. ஆகவே பலாவும் மாவும் வேண்டாம். மங்குஸ்தான் மெதுவாக வளரும், குளிரும் ஆகாது. என் தேர்வு புளி: சிற்றிலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம், முதிர்ந்தால் வெடிப்போடிய பட்டை.

வெளிநாட்டுக்குக் கன்றைப் பெட்டியில் ஒளித்து எடுத்துப் போகாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். அங்குள்ள தமிழ்க் கடையில் கொட்டை எடுக்காத புளி வாங்கினால் போதும். கொட்டையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் உள்வெள்ளை தெரியும்வரை தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து, விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். மண்ணின் சூடு 25 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

உடனே தட்டைச் சட்டிக்கு மாற்றினால் மரம் கடைசிவரை குச்சியாகவே நிற்கும். முதலில் ஆணிவேரைக் கத்தரித்து, இரண்டு மூன்று வருடம் ஆழமான தொட்டியில் விட்டு அடிமரத்தைப் பருக்க வையுங்கள். பிறகே போன்சாய்ச் சட்டி. மண்கலவைக்குச் செங்கல் பொடிச்சல்லியும் பருமணலும் இரண்டு பங்கு, மட்கு உரம் ஒரு பங்கு. தளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு மூன்று இலைக்குக் குறையுங்கள். கம்பி சுற்றுவது பச்சைக் கிளையில் மட்டும். முற்றிய கிளை சட்டென்று முறியும். கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் வெட்டி எடுத்துவிடுங்கள், பிரித்துச் சுழற்ற வேண்டாம்.

சோதனை குளிர்காலத்தில்தான். இரவுச் சூடு 12 டிகிரியை நெருங்கினாலே சட்டி வீட்டுக்குள் வர வேண்டும். தெற்கு ஜன்னல் நல்லது; ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு அந்த ஒளியும் போதாது, 12 மணி நேர எல்இடி விளக்கு வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் செஞ்சிலந்திப்பூச்சி வரும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை நீரால் கழுவுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் குழாயின் சில்லிட்ட நீர் அல்ல. உரம் வேண்டாம். இலை முழுக்க உதிர்ந்தாலும் தூக்கி எறியாதீர்கள்: பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. தண்ணீரை மட்டும் குறையுங்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் வேர் அழுகும்.

இரவு 15 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் வெளியே வைக்கலாம். முதல் பத்து நாள் நிழல், பிறகு வெயில். நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோடைத் தொடக்கத்தில் வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து மண் மாற்றுங்கள்.

காய்? கொட்டைக் கன்றிடம் பல வருடத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரக ஒட்டுக்கன்றிலிருந்து தொடங்கலாம். மற்றவர்களுக்குக் கொழுந்து உண்டு. பூச்சிமருந்து அடிக்காத மரமாக இருந்தால், கத்தரித்ததைத் துவையல் அரைத்துவிடுங்கள்.