கோவாவிற் கண்ட கிறிஸ்தவக் கலைக்கூடம்

பழைய கோவா நகரின் மேற்பால், ‘புனித மலை’ என்று போர்த்துக்கேசியர் பெயரிட்டழைத்த மேடொன்று உளது. மலை என்பது மிகைதான். ஏறுவோர்க்கு மூச்சு வாங்காது. அதன்மேல் இடிந்து நிற்கும் அகுஸ்தீனார் ஆலயக் கோபுரத்திற்கு அணித்தாக, முட்டுச்சுவர்கள் தாங்கிய பெரியதொரு கட்டடம் கோட்டைபோல் நிற்கின்றது. அதுவே புனித மோனிக்காள் கன்னியர் மடம். உதயம்பேரூர்ச் சங்கத்தை 1599 இல் கூட்டிய அதிமேற்றிராணியார் மெனேசெஸ் என்பவரே இதனையும் தோற்றுவித்தார். 1606 இல் கால்கொண்டு 1627 இல் முடிந்த இம்மடம், 1636 இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழும்பிற்று. 1834 ஆம் ஆண்டில் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. அதன்பின் புதியோர் சேர வழியில்லை. உள்ளிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக மறைய, 1885 இல் கடைசிக் கன்னியாஸ்திரீயும் காலஞ்சென்றார்.

இம்மடத்தைச் சார்ந்த ஆலயத்திலேதான் கிறிஸ்தவக் கலைக்கூடம் அமைந்துள்ளது. 1994 இல் இராசோல் குருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டு, 2002 இல் இங்குக் கொணரப்பட்டது. பின்னர்ச் சீரமைப்பிற்காக மூடப்பட்டு 2022 இல் மீண்டும் திறக்கப்பட்டது. மரத்தாலும் தந்தத்தாலும் ஆகிய திருவுருவங்கள், வெள்ளிக் கலங்கள், பூசை ஆடைகள், ஓவியங்கள் என்பன இங்குள. இவற்றையெல்லாம் வரிசையாகக் கூறிப் படிப்போரை வருத்த எண்ணமில்லை. உருவங்கள் அறவே இல்லாத ஆலயமொன்றில் வளர்ந்தவன் யான். ஆதலின் எல்லாவற்றையும் ஒருபடித்தாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. என்னை நிறுத்தி வைத்தவை சிலவே. அவற்றுள் முதலாவது தந்தத்தாலாகிய நல்லாயன்.

நல்லாயன் என்னும் இவ்வகை உருவங்கள் பதினேழாம் நூற்றாண்டில் கோவாவிற் பலவாகச் செய்யப்பட்டன. அடுக்கடுக்காய் எழும் சிறு குன்றொன்றின் உச்சியிற் பாலகனாகிய இயேசு அமர்ந்திருக்கின்றார். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி; மடியில் மற்றொன்று. கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, வலக்கை கன்னத்தைத் தாங்குகின்றது, கண்கள் மூடியுள்ளன. கீழே ஊற்று, அதில் நீர் அருந்தும் பறவைகள் அல்லது ஆடுகள். அடியில் ஒரு குகையினுள் மகதலேனா மரியாள் சாய்ந்து கிடந்து நூல் ஓதுகின்றாள்.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஒரு வியப்பு. ஆயன் முல்லை நிலத்துக்கு உரியவன். இவனோ மலையுச்சியில் வீற்றிருக்கின்றான். குறிஞ்சிக் குன்றின்மேல் இளையோனாகிய ஒரு தெய்வத்தைக் கண்டு பழகிய நமக்கு இது திணைமயக்கம் என்றே தோன்றும். வகுப்பில் இலக்கணமாகப் படித்த சொல் தந்தத்திற் செதுக்கி நிற்பதைக் காண்பது ஒரு தனி இன்பம்.

மூடிய கண்களையும் அமைதியையும் கண்டோர் பலர், இது புத்தர் வடிவத்தின் சாயல் என்பர். கண்ணபிரான் என்னும் ஆயர்குலச் சிறுவனை நினைப்பாரும் உளர். முன்னைய கொள்கைக்கு ஒரு தடையுண்டு. அக்காலத்துக் கோவாவிற் பௌத்தம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆயின், இலங்கையில் அச்சமயம் உயிரோடிருந்தது. தந்தவேலையிற் சிறந்த கைவினைஞரும் அங்கு இருந்தனர். போர்த்துக்கேசியருக்காகக் கிறிஸ்தவ உருவங்களையும் அவர்கள் செதுக்கினர். கடல்வழியே ஒரு சாயல் வந்திருத்தல் கூடும். தியானத்தில் அமர்ந்த தெய்வத்தைச் செதுக்கக் கற்ற கை, வேறொரு தெய்வத்தைச் செதுக்கும்போதும் கற்றதை மறவாது என்பதே என் கருத்து. புத்தரை எண்ணித்தான் செதுக்கினான் என்று கொள்ள வேண்டுவதில்லை.

அக்கை யாருடையது? இங்கேதான் கலைக்கூடம் ஒரு வரலாற்றுப் பாடமாகின்றது. 1567 இல் கோவாவிற் கூடிய முதல் மாகாணச் சங்கம், கிறிஸ்தவர் அல்லாத கைவினைஞரைக் கொண்டு திருவுருவங்களையும் வழிபாட்டுப் பொருள்களையும் செய்வித்தலாகாது என்று விலக்கிற்று. அத்தகைய விலக்குப் பின்னும் பிறப்பிக்கப்பட்டது. ஒருமுறை விலக்கியது நின்றிருந்தால் மறுமுறை விலக்குவானேன்? தச்சரும் தட்டாரும் தம் பட்டறையில் தம் முறைப்படியே வேலை செய்தனர். குருமாரும் அவர்களிடமே கொடுத்து வாங்கினர் என்பது விலக்காணையினாலேயே தெளிவாகின்றது. கோவா ஆலயங்களின் பிரசங்க பீடங்களைத் தாங்கும் நாக உருவங்களும் இதற்குச் சான்று.

இவர்களுட் பெரும்பாலோர் பெயர் நமக்கு எட்டவில்லை. அதே கோவாவில் 1577 இல் தமிழ் அச்செழுத்துக்களை ஆக்கிய யுவான் கொன்சால்வெஸ் என்னும் சேசுசபைச் சகோதரர் பெயரை அச்சுக்கலை வரலாறு போற்றுகின்றது. அடுத்த ஆண்டிற் கொல்லத்தில் அச்சேறிய அண்டிரீக் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்க’த்தை நம் வகுப்பில் அறியாதார் இலர். எழுத்தை வார்த்தவர் பெயர் நின்றது. உருவத்தை வடித்தவர் பெயர் நிற்கவில்லை.

வெள்ளிப் பொருள்களுள் நற்கருணை வைத்தற்கு உரிய பேழையொன்று கூழைக்கடா வடிவில் இருக்கின்றது. தன் மார்பைத் தானே கீறிக் குருதியாற் குஞ்சுகளை ஊட்டும் பறவை என்று ஐரோப்பியர் கொண்ட கதையே இதற்கு மூலம். கிறிஸ்துவின் பாடுகளுக்கு அதை உவமையாக்கினர். செய்தவன் அக்கதையைக் கேட்டிருப்பான். எனினும் கழுத்தின் வளைவைப் பார்க்கும்போது என் கண்ணுக்கு அன்னமே தோன்றிற்று. ஊரூராய்ச் சென்று பூசை செய்த குருமார் தம்முடன் கொண்டுபோன சிறு பீடமும் உண்டு. வேண்டியபோது பூசைக்கு அமைத்து, முடிந்ததும் எடுத்துச் செல்லத்தக்கது. அழகினும் பயன் மிக்க பொருள்.

வழிபாட்டிற்காகச் செய்ததைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்தல் தகுமா என்று உடன் வந்த நண்பர் வினவினார். அவர் கத்தோலிக்கர், அவருக்கு அது உறுத்திற்று. யான் அவ்வாறு எண்ணவில்லை. பீடத்தின்மேல் மாலையும் மெழுகுவர்த்தியும் சூழ இருந்தபோது அம்மகதலேனாவின் கையிலுள்ள நூலை எத்தனை பேர் கண்டிருப்பர்? அருகே மூதாட்டி ஒருவர் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டி அவருக்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நண்பர் கூறியதில் ஓருண்மை உண்டு: பூசையில்லாத கிண்ணம் ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பது போலவே இருக்கின்றது.

இராசோலில் இக்கூடம் தொடங்காதிருந்தால் இவற்றுட் பல விற்கப்பட்டோ உருக்கப்பட்டோ போயிருக்கும். எங்கள் பக்கத்து ஊரொன்றில் ஆலயம் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய தேக்கமரப் பிரசங்க பீடம் விறகு விலைக்குப் போயிற்று. அதனைச் செய்த தச்சர் இன்னார் என்று சொல்வார் எவரும் இலர். சபையின் பழைய கணக்கேடுகள் மட்டும் ஓர் அலமாரியில் உள்ளன. கூலி கொடுத்த பக்கம் அவற்றுள் எங்கேனும் இருக்கலாம். வரும் கோடை விடுமுறையில் அதனைத் தேடிப் பார்ப்பதாக இருக்கின்றேன்.