நுரையீரலில் அறுவை, இருதயத்தில் சுமை



"நோய் நுரையீரலில்தானே? இருதயத்துக்கு எதற்கு எக்கோ?" நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை என்றதும் வீட்டார் கேட்கிற கேள்வி இது. அந்தச் சோதனைக்காகும் பணம் வீண் செலவல்ல என்பதை, மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

1. இரத்தம் போகும் வழி

உடலெங்கும் சுற்றித் திரும்பும் இரத்தம் முழுவதையும் இருதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்குத் தள்ளுகிறது. சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர்! வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு, ஆக ஐந்து.

குற்றாலத்து ஐந்தருவியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கிளைகளை அடைத்துவிட்டால், அதே தண்ணீர் மற்ற மூன்றில்தான் விழ வேண்டும். தண்ணீர் கொஞ்சமாக வரும்போது வித்தியாசம் தெரியாது. வெள்ளம் வரும்போதுதான் தெரியும்.

2. இருதயம் படும் பாடு

ஒரு மடலை மட்டும் எடுத்தால் இருதயம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்தால், மீதியுள்ள நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இடங்கொடுக்கின்றன. ஆனாலும் மாடிப்படி ஏறும்போது அவற்றில் அழுத்தம் கூடுகிறது, இருதயத்தின் வலது பக்கம் திணறுகிறது, மூச்சு வாங்குகிறது.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில், விசேஷமாக வயதானவர்களுக்கு, நாடித் துடிப்பு ஒழுங்கு தப்பலாம். பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். கவனியாமல் விட்டால் இருதயத்தில் இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரவும் கூடும். குளுக்கோஸ், சலைன் முதலியவற்றை அளந்து ஏற்றுவதும் இதனால்தான். அளவு மிஞ்சினால் மீதி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

3. ஒரு நுரையீரலோடு முப்பது ஆண்டு

1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் எவர்ட்ஸ் கிரகாம், புற்றுநோய் கண்ட ஒரு மருத்துவரின் இடது நுரையீரல் முழுவதையும் அகற்றினார். அந்த நோயாளி 1963 வரை உயிரோடிருந்தார். புகைப் பழக்கமுள்ளவராயிருந்த கிரகாமோ, 1957-ல் நுரையீரல் புற்றுநோயாலேயே மரித்தார்! நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி; அங்கே 1949-ல் டாக்டர் ரீவ் பெட்ஸ் இருதய, நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார்.

4. நாம் செய்யக்கூடியது

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். பீடிப் புகை நுரையீரல், இருதயம் இரண்டையும் கெடுக்கிறது. அறுவைக்கு நாள் குறித்தவர் உடனே அதை விட்டுவிடட்டும். மூச்சுப் பயிற்சியைத் தவறாமல் செய்யட்டும்.

வீடு திரும்பியவரைச் சந்திக்கும்போது, "ஒரு நுரையீரல் போயிற்றே, இனி அவ்வளவுதான்" என்று சொல்லாதிருங்கள். கைபிடித்து மெதுவாய் நடக்கத் துணைசெய்யுங்கள். படபடப்பு, கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு உதவி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.