சிறுவர் முகாமும் ஒரே பந்தியும்

கோடை விடுமுறையிற் சிறுவரை ஓரிடத்திற் கூட்டி, பாட்டும் விளையாட்டும் கைத்தொழிலும் பயிற்றிச் சில நாள் ஒருங்கே தங்கச் செய்தல் நல்வழக்கமாகும். அத்தகைய முகாம் விழுப்புரத்திலேனும் திண்டிவனத்திலேனும் கூடுமாயின், அங்கு வரும் சிறுவர் ஒரு தன்மையர் அல்லர். ஊர்த்தெருவிற் பிறந்தாரும், சேரியிற் பிறந்தாரும், இருளர் மக்களும், இசுலாமியரும், கிறித்தவரும், மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணரும் அப்பகுதியில் வாழ்கின்றனர். இவர்தம் மக்களை ஒருங்கு வைத்துப் பேணும் முறை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதற்கு நாம் முதற்கண் கற்கவேண்டிய பாடம் சேரமாதேவிக் குருகுலம். வ. வே. சு. ஐயர் நிறுவிய அப்பள்ளி, தமிழ்க் கல்வியையும் உடலுழைப்பையும் தேசப்பற்றையும் ஒருங்கே ஊட்டும் நோக்கமுடையது. தமிழ்நாடு காங்கிரசு கமிட்டி அதற்கு 10,000 ரூபாய் அளிக்க இசைந்து, முதற்கண் 5,000 ரூபாய் வழங்கிற்று. நோக்கம் உயர்ந்தது, நிறுவியவரும் தன்னலமற்றவர். எனினும், பெற்றோர் வேண்டுகோளுக்கிணங்கிப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனித்து உணவிட அவர் ஒருப்பட்டார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் அதனைக் கடிந்தனர். 1925-ஆம் ஆண்டு அப்பூசல் நாடெங்கும் பரவிற்று. காந்தியடிகள் தலையிட்டும் தணிந்திலது. ஐயர் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, பாபநாச அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகனும் அக்குருகுலத்திற் பயின்றவன். பிறர்க்கென வைத்த பானையில் நீர் மொண்டு குடித்தமைக்காக அச்சிறுவன் அடிக்கப்பட்டான் என்றும், அவன் வாய்மொழியே பூசலுக்கு வித்தாயிற்று என்றும் கூறுவர். அத்தந்தையே பின்னர்ச் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் அவர் ஆட்சியிலேயே நிறைவேறிற்று.

நிற்க. தனித்து உண்ணல் யாவும் குற்றமோ என ஒருவர் வினவலாம். சமணச் சிறுவன் கதிரவன் மறையுமுன் உண்பான். கிழங்கு வகைகளை விலக்குவான். இஃது அவன் தன்னளவில் மேற்கொண்ட நோன்பு, அருகிருப்பவனை இழிவுபடுத்துவதன்று. அவன்பொருட்டு மாலை உணவை அனைவர்க்கும் பொழுதோடு இடுதல் எளிது. ஆனால், 'இவனோடு யான் உண்ணேன்' என்பது உணவைப் பற்றிய நோன்பன்று. ஆளைப் பற்றிய இகழ்ச்சி. முன்னதை முகாம் போற்றவேண்டும்; பின்னதற்கு ஒருநாளும் இடங்கொடுத்தலாகாது. சேரமாதேவியில் நேர்ந்த பிழை, பின்னதை முன்னதாகக் கருதியமையே.

கிறித்தவராகிய நாம் பிறரைச் சுட்டிக்காட்டி ஒதுங்குதல் தகாது. அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த எறையூரில், 2008-ஆம் ஆண்டு, ஒரே ஆலயத்தைச் சார்ந்த கிறித்தவரிடையே சாதி பற்றி எழுந்த கலகம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் மாண்டனர். ஆயக்காரரோடு பந்தியிருந்த பெருமானை வணங்குவோர்க்கு இதனினும் பெரிய நாணம் யாதுளது?

ஒரே பந்தி இன்றியமையாதது. எனினும் அது மட்டும் போதாது. அமெரிக்க நாட்டு ஒக்லஹோமாவில் 1954-ஆம் ஆண்டு முசாபர் ஷெரீப் என்னும் அறிஞர், ஒரே வகைக் குடும்பங்களைச் சேர்ந்த 22 சிறுவரைக் கோடை முகாமில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார். போட்டிகள் தொடங்கியதும் அவர்கள் ஒருவரையொருவர் பகைத்தனர். ஒரே கூடத்தில் உண்ணவைத்தபோதும் உணவை வாரியெறிந்து சண்டையிட்டனர். முகாமிற்குத் தண்ணீர் வாராது தடைப்பட்டபோது, இரு குழுவினரும் கூடித் தடையைத் தேடினர். இவ்வாறு கூடிச் செய்யும் பணிகள் பல வாய்க்கவே பகை தளர்ந்தது. பிறப்பால் வேறுபடாதாரையும் வெறும் பிரிவினை பகைவராக்கிற்று, பொதுப்பணி நண்பராக்கிற்று.

ஆகவே, விடுமுறையிற் சிறுவர் முகாம்களுக்குத் தொண்டு செய்யச் செல்லும் மாணவ நண்பர்கள் மூன்றனை மறவாதிருப்பாராக. ஊர்வாரியாகவும் தெருவாரியாகவும் குழு அமையாது, யாவரையும் கலந்து அமைக்க. நீர் இறைத்தலும் இலை எடுத்தலும் முறைவைத்து அனைவர்க்கும் உரியனவாகுக. பானை ஒன்றே, பந்தி ஒன்றே என்பதைப் பெற்றோர்க்கு முதல்நாளே அறிவித்து, எவர் வேண்டினும் அதினின்று பிறழாதிருக்க. ஒருவர்க்கென நெகிழ்த்த விதி, பந்தியில் எஞ்சிய அனைவரையும் தாழ்த்திவிடும்.