தட்டணு எண்ணிக்கை சரி; ரத்தம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் வயது 38. ஒரு வருடமாக மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகம். ஏழெட்டு நாள் நீள்கிறது. லேசாக இடித்துக்கொண்டாலே கை, தொடையெல்லாம் கன்றிவிடுகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது இதைச் சொன்னேன். பல் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். தட்டணுக்கள் 2.4 லட்சம், டிஎஸ்ஹெச் 48. ‘முதலில் தைராய்டைக் கவனியுங்கள், பல்லை அப்புறம் எடுக்கலாம்’ என்கிறார். தட்டணுக்கள்தான் சரியாக இருக்கின்றனவே, தைராய்டுக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

- வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் பல் டாக்டர் சொன்னது மிகவும் சரி. தட்டணுக்கள் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. டெங்கு வந்த பிறகு எல்லோரும் அந்த எண்ணை மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். எண்ணிக்கை இருந்தால் போதாது. காயம்பட்ட ரத்தக்குழாயின் சுவரில் தட்டணுக்கள் போய் ஒட்ட வேண்டும். அதற்குப் பசைபோல உதவுவது ‘வான் வில்லிபிராண்ட் காரணி’ என்ற புரதம். தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்தால் (உங்கள் டிஎஸ்ஹெச் 48 காட்டுவது அதைத்தான்) சிலருக்கு இந்தப் புரதத்தின் உற்பத்தியும் குறைந்துவிடும். ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியைச் சிதையாமல் காப்பதும் இதே புரதம்தான். போதாததற்கு, தைராய்டு குறைவால் கருமுட்டை வெளியாவதும் தடைபட்டு உதிரப்போக்கு கூடும்.

தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்கு நிலைமை நேரெதிர்: உறைதல் காரணிகள் கூடி, ரத்தக்கட்டு உருவாகும் ஆபத்து அதிகரிக்கிறது. இதயத்துடிப்பும் தாறுமாறானால் பக்கவாதம்வரை போகலாம்.

உங்களுக்கு ஆறுதலான செய்தி, தைராக்ஸின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ஒழுங்காக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். உதிரப்போக்கால் ரத்தசோகை வந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் தந்திருப்பார்கள். இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்கும் பெண்கள் ஏராளம். இரும்பு, தைராக்ஸினை உடலில் சேரவிடாது. டோஸை ஏற்றிக்கொண்டே போனாலும் டிஎஸ்ஹெச் இறங்காது. தைராக்ஸினை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி அரை மணி நேரம் காத்திருக்கட்டும். இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். அது இயல்புக்கு வந்தும் கன்றல் நிற்காவிட்டால் வில்லிபிராண்ட் காரணியின் அளவைப் பரிசோதிக்க வேண்டும். பிறவியிலேயே இந்தக் குறை உள்ளவர்களும் உண்டு. அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ இதே தொல்லை இருந்ததா என்று கேட்டுவையுங்கள். பல் வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம்; பாராசிட்டமால் போதும். தள்ளிப்போட முடியாதபடி பல் சீழ்பிடித்தால், வில்லிபிராண்ட் காரணியைக் கூட்டும் டெஸ்மோபிரசின் போன்ற மருந்தைக் கொடுத்துப் பிடுங்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தைராக்ஸினைத் தொடங்கும்போது வார்ஃபரினின் வீரியம் கூடும். அவர்கள் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.

மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.