வண்டிக்குள் ஒரு வட்டம்

அமெரிக்கப் பண்ணைகளில் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் இரும்புக் குண்டு பொருத்தி, அதில் மாட்டு டிரெய்லரை மாட்டி இழுப்பார்கள். டிரெய்லரின் முன்பக்கம் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்திருப்பதால் அதற்கு ‘கூஸ்நெக்’ என்று பெயர்.

குண்டு பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்கணும். பின்னால் தள்ளிப்போனால், சீசா மாதிரி வண்டியின் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் சரியாகக் கேட்காது.

வண்டி திரும்பும்போது டிரெய்லர் மூக்கின் மூலை, குண்டை மையமாக வைத்து வட்டம் போடும். நான் ஒரு கணக்குப் போட்டேன்:

மூலை போடும் வட்டத்தின் ஆரம் = 36 அங்குலம்
குட்டைத் தொட்டியில் குண்டு முதல் கேபின் வரை = 44 அங்குலம். தப்பிச்சாச்சு!
கேபினை ஒட்டி 20 அங்குல டூல்ஸ் பெட்டி வைத்தால், 44 – 20 = 24. இடிச்சிடும்!

மூக்குக்கு அடியில் அடங்குகிற தாழ்ந்த பெட்டி வைக்கணும், இல்லேன்னா கழட்டிடணும். துளை போடுறதுக்கு முன்னாடியே அளந்து பாருங்க. ஆரம் பரீட்சைக்கு மட்டும் இல்லை!